நீக்கினால் காரணம் சொல்லுங்கள்

இணையத்தில் ஒருவர் எழுதியதை நீக்கும் அதிகாரம் கையில் இருந்தால், ஏன் நீக்கினோம் என்று சொல்லும் கடமையும் சேர்ந்தேதான் வருகிறது. 'விதிமீறல்' என்ற ஒற்றைச் சொல் போதாது. எந்த விதி, எந்த வரி?

பதிவுகளை நீக்கும் இணைய நிறுவனங்களுக்காக 2018-இல் வெளியான சாண்டா கிளாரா கோட்பாடுகள் கேட்டதும் இதைத்தான்: எத்தனை நீக்கினீர்கள் என்ற கணக்கு, பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு, மேல்முறையீட்டுக்கு வழி. முதலில் முடிவெடுத்தவரே அந்த முறையீட்டை விசாரிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தன் தவறு தன் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

வேண்டியவர் திட்டினால் 'சூடான விவாதம்', வேண்டாதவர் திட்டினால் உடனே தடை. இதை ஓர் இணையக் குழுவில் நேரில் பார்த்திருக்கிறேன், மனசு வலித்தது. அப்புறம் அங்கே மாற்றுக்கருத்து சொல்ல யாருமே வாய் திறக்கவில்லை.