பூச்சியம் என்று வந்த ரிப்போட்

கலியாணம் கட்டி நாலு வருசம். மனுசிக்கு ஸ்கான், ஓமோன் ரெஸ்ட், கருக்குழாய்ப் படம் என்று ஒரு பைல் நிறைந்த பிறகுதான் என்னைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். அம்மா திருகோணமலைக் கோணேசருக்கு நேர்த்தி வைத்ததும் அவளுக்காகத்தான். அதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்குச் செலவும் குறைவு, நோவும் இல்லை. அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் லாப்பில் கொடுக்க வேண்டும். உப்புவெளியில் இருந்து சேட்டுக்குள், உடம்புச் சூட்டோடு வைத்துக் கொண்டுபோனேன். பின்னேரம் ரிப்போட் வந்தது. விந்தணு எண்ணிக்கை: 0. டச்பே கடற்கரையில் இருட்டும்வரை இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஒரு ரிப்போட்டை வைத்து முடிவு கட்டக்கூடாதாம். இரண்டாம் தரம் கொடுத்ததை மெசினில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததையும் பார்த்தார்கள். அதிலும் இல்லை.

கொழும்பில் பார்த்த வைத்தியர்தான் விளங்கப்படுத்தினார். "தம்பி, பூச்சியம் எண்டது வருத்தத்தின்ர பேர் இல்லை. உள்ளுக்க உற்பத்தியாகி வெளியில வர வழி அடைபட்டிருக்கோ, இல்லாட்டி உற்பத்தியே நடக்கேல்லையோ எண்டு பாக்கவேணும்." அடைப்பென்றால், விந்தணு உருவாகும் விதையின் அளவும், அதற்கு மூளைப் பக்கமிருந்து கட்டளையாக வரும் எப்எஸ்எச் ஓமோனும் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். சிலருக்கு அடைப்பைச் சத்திரசிகிச்சையால் சரிப்படுத்தலாம். இல்லாவிட்டால் ஊசியால் விந்தணுவை எடுத்து, இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். விதையே பழுதென்றால் அது சிறுத்து, எப்எஸ்எச் கூடியிருக்கும். வளர்ந்த பிறகு வந்த கூகைக்கட்டு, புற்றுநோய் மருந்து, கூடுதலாக ஒரு எக்ஸ் நிறமூர்த்தம், வை நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இல்லாமை எல்லாம் இதற்குக் காரணமாகலாம். இதை மருந்தால் மாற்றுவது அநேகமாக முடியாது. ஆனாலும் நுணுக்குக்காட்டி வைத்து விதைக்குள் தேடினால், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒருசில அணுக்களாவது கிடைக்குமாம். வை நிறமூர்த்தத்தில் எந்தத் துண்டு இல்லை என்பதைப் பொறுத்து, தேடியும் பயனில்லை என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய ஆட்களும் உண்டு.

எனக்கு எப்எஸ்எச், அதைப்போலவே கட்டளையாக வரும் எல்எச் இரண்டுமே அடிமட்டத்தில் இருந்தன. ரிப்போட்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊசி ஏதும் போட்டனீங்களோ?"

போட்டிருந்தேன். ஜிம்மில் ஒருவர் சொல்லி, ஒன்றரை வருசமாக டெஸ்டோஸ்டிரோன். அது ஆண்மையைக் கூட்டும் என்றல்லவா நம்பியிருந்தேன்! வெளியிலிருந்து அந்த ஓமோன் வரும்போது மூளை தன் கட்டளையை நிறுத்திவிடும், விதை வேலையை விட்டுவிடும். பிள்ளை வேண்டுகிற எவரும் இந்த ஊசியைத் தொடக்கூடாது. யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றோடு நிறுத்தினேன். திடீரென்று நிறுத்தினால் உடம்பு சோரும், மனமும் சோரும், அதனால் வைத்தியரின் கண்காணிப்பு வேண்டும். விதையைத் தட்டியெழுப்ப எச்சிஜி ஊசியும் தந்தார். ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாள். அநேகருக்குத் திரும்பி வரும், ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருசத்துக்கு மேலும் ஆகலாம் என்றார்.

மூன்றாம் மாதமும் பூச்சியம்தான். அந்த இரவு ரெயிலில் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. ஏழாம் மாதம் ஒருசில அணுக்கள் தெரிந்தன. பத்தாம் மாதம் மில்லிலீட்டருக்கு 6 மில்லியன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த கீழ் எல்லை 16 மில்லியன்.

மனுசி அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தன் பைலைத் திறந்து, தன்னுடைய ரிப்போட்டுகளுக்கு மேலே வைத்தாள்.