சாட்சிக்கு எந்த நாட்டில் இடம்?

2006-ல் இலங்கையில் மூதூர்ப் பக்கம் ஷெல்லடி தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. மன்னாருக்கு வந்து, படகேறி, அரிச்சல்முனை மணலில் இறங்கி, மண்டபம் அகதி முகாமில் பெயர் பதிந்தோம். கடைசியில் எங்களைக் கொண்டுவந்து விட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஊத்தங்கரைப் பக்கத்து முகாமில். கடலைப் பார்த்தே வளர்ந்தவளுக்குத் திரும்பிய பக்கமெல்லாம் பாறையும் மாந்தோப்பும்தான். கடையில் சவர்க்காரம் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். சோப்பு என்று சொல்லப் பழக ஒரு மாதம் ஆனது. பக்கத்துத் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மா முதல் வாரமே ஒரு கிண்ணம் களி கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பாக உருண்டையாக இருந்ததைப் பார்த்து எங்கள் அம்மா முகத்தைச் சுளித்தார். ராகி என்று அவர் சொன்னது எங்கள் குரக்கன்தான் என்று தெரிந்தபோது அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாள் அதே மாவில் புட்டு அவித்துத் திருப்பிக் கொடுத்தோம். அப்படித் தொடங்கிய பழக்கம்.

மற்றதெல்லாம் எல்லா முகாம்களிலும் உள்ளதுதான். மாதாந்தப் பணக்கொடை, ஆள் இருக்கிறோமா என்று பார்க்கும் செக்கிங், பெயின்ட் வேலைக்குப் போகும் ஆண்கள். நானும் இங்கேயே கல்யாணம் முடித்து இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானேன்.

2023 செப்டம்பர் 5-ம் தேதி பிரிட்டனின் சானல் 4, 2019-ல் இலங்கைத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. ஒரு சில நாளில் அது எங்கள் போன்களுக்கும் வந்துவிட்டது. இரவு வேலை முடிந்து வந்தவர்கள் ஏழெட்டுப் பேர், ஒரு போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். படம் ஆங்கிலத்தில். காலேஜில் படிக்கும் பெடியன் ஒருவன் மொழிபெயர்த்தான். பாதி மொழிபெயர்ப்பு, மீதி அவனுடைய சொந்தக் கருத்து.

மட்டக்களப்பு அரசியல்வாதி பிள்ளையானின் கட்சிக்குப் பேச்சாளராக இருந்து, பிறகு வெளிநாடு போய்விட்ட ஆசாத் மௌலானாதான் முக்கிய சாட்சி. உளவுத்துறை அதிகாரி ஒருவர் 2018-லேயே குண்டுதாரிகளைச் சந்தித்தார் என்றும், நாட்டில் பயத்தை உண்டாக்கி ராஜபக்சக்களை மறுபடி ஆட்சிக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்றும் அவர் சொல்கிறார். அந்த அதிகாரி மறுத்துவிட்டார், அந்த நேரம் தான் மலேசியாவில் பணியில் இருந்ததாகச் சொன்னார். பிள்ளையானும் மறுத்தார், கோத்தாபயவும் மறுத்தார்.

மன்னார் அண்ணை, "இதில் புதுசா என்ன இருக்கு? மிக் விமானம் வாங்கினதைப் பற்றி எழுதின பத்திரிகையாளர் லசந்தவை 2009-ல் கொன்றுபோட்டாங்களே? அவருக்கே நியாயம் கிடைக்கேல்லை" என்றார். முகாமில் தபால் எழுதிக் கொடுக்கும் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "இத்தனை காலம் அந்தக் கட்சியோடேயே இருந்தவர் இப்ப வந்து சொல்றதை அப்படியே நம்பச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் ஐயா பக்கம்தான். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. 2019 ஏப்ரல் 4-ம் தேதியே இந்தியா எச்சரித்திருந்தது. தடுக்கத் தவறியதற்காக அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. இது ஒரு ஆள் சொன்ன கதை இல்லை, தீர்ப்பு. அதைப் பற்றி அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் என் மச்சாள் கேட்டாள். "அந்த ஆளுக்கு எந்த நாடு தஞ்சம் குடுத்தது?"

அதோடு படம் மறந்துபோனது. எப்படிப் போனார், யார் விசா கொடுத்தார்கள், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போக விட்டார்களா என்று ஒரு மணி நேரம் கதைத்தோம். வெளியில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்களுக்கு அப்போது பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அகதியாக வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தர என்று 2019-ல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. சாட்சி உண்மை சொன்னாரோ பொய் சொன்னாரோ, எங்கேயோ போய் நின்று பேச அவருக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறதே என்பதுதான் எங்கள் எரிச்சல்.

மட்டக்களப்பில் இருக்கும் மாமிக்கு போன் எடுத்தேன். சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளில் அவருக்குத் தெரிந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் படம் பார்க்கவில்லை. "பார்த்து? மறுகா என்ன, அந்தப் பிள்ளையள் திரும்பி வரப்போகுதா?" என்றவர், முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் தான் வழக்கமாகச் சீலை எடுக்கும் கடைக்கு இரண்டு வருஷம் போகவே இல்லை என்றும், அது தன்னுடைய பிழைதான் என்றும் சொன்னார்.

தோப்பு அம்மாவிடமும் இதைச் சொல்லியிருந்தேன். அவர் பிறந்த ஊர் தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம். ஆட்டைக் கட்டிக்கொண்டே கேட்டார், "எங்க ஊருப் பக்கம் வாச்சாத்தின்னு கேள்விப்பட்டிருக்கியா?" பதினேழு வருஷம் பக்கத்தில் இருந்தும் நான் கேள்விப்பட்டதில்லை. 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்ததையும், பதினெட்டுப் பெண்களுக்கு நடந்ததையும் குரலை ஏற்றாமல் சொன்னார். "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னுதான் மொதல்ல சொன்னாங்க." தீர்ப்பு வர 2011 ஆனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. அப்புறம் அவர்கள் அப்பீலுக்குப் போனார்கள்.

அந்தச் செப்டம்பர் முடிய ஒரு நாள் இருக்கும்போது மெட்ராஸ் உயர் நீதிமன்றம் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு அம்மா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். விரல் விட்டு எண்ணி, "முப்பத்தோரு வருஷம்" என்றார். அப்புறம், "உங்க ஊர்க் கேசு எத்தினி வருஷம் ஆச்சும்மா?" என்று கேட்டார்.

"நாலு வருஷம் அம்மா."

"நாலுதானா?" என்றவர், இருட்டுவதற்குள் ஆட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று போய்விட்டார்.