இண்டெம்னிட்டி பாலிசியில் முதலில் தேதியைப் பாருங்கள்

அக்கா மகப்பேறு மருத்துவர், ஈரோடு பக்கம் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் நடத்துகிறாள். லைசென்ஸ், கணக்கு, இன்ஷூரன்ஸ் எல்லாம் என் பொறுப்பு. அதனால் தெரிந்த டாக்டர்கள் அடிக்கடி என்னைக் கேட்பது, "இண்டெம்னிட்டி எத்தனை லட்சத்துக்கு எடுக்கலாம்?" என்றுதான். சிகிச்சையில் தவறு என்று நோயாளி நஷ்டஈடு கேட்டால் டாக்டருக்காக அதைக் கட்டும் இன்ஷூரன்ஸ் அது. தொகையைப் பிறகு பேசலாம். பாலிசி வந்ததும் நான் முதலில் தேடிப் பார்ப்பது ஷெட்யூலில் (பாலிசி விவரங்கள் உள்ள பக்கத்தில்) ஒரு வரியாக இருக்கும் ரெட்ரோஆக்டிவ் டேட்டை, அதாவது எந்த நாளிலிருந்து செய்த சிகிச்சைக்குப் பாதுகாப்பு என்று சொல்லும் தேதியை.

வண்டிக்கு எடுக்கும் பாலிசி, விபத்து நடந்த அன்று உயிரோடு இருந்தால் போதும். டாக்டர்களுக்கான பாலிசி அப்படி வேலை செய்யாது. நோயாளி நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பும்போது பாலிசி நடப்பில் இருக்க வேண்டும், சிகிச்சை நடந்த நாளும் அந்த ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் பிறகு வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பணம். 2019 முதல் விடாமல் கட்டி வந்த ஒருவர் 2023-ல் ரினியூவலை மறந்துவிட்டு 2024-ல் புதிதாக எடுக்கிறார் என்று வையுங்கள். புதுப் பாலிசியில் தேதி 2024 என்று விழுந்துவிடும். 2022-ல் பார்த்த பிரசவத்துக்கு இப்போது நோட்டீஸ் வந்தால், "அந்த வருஷம் பிரீமியம் கட்டியிருந்தேனே" என்று சொல்லிப் பயனில்லை. கம்பெனி மாறும்போதும் இதே ஆபத்துதான். பிரீமியம் கொஞ்சம் குறைகிறது என்று மாறுவதற்கு முன்னால், பழைய தேதியை அப்படியே தொடர்வோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் தாமதமாக வருவது சகஜம். நுகர்வோர் சட்டம் புகார் கொடுக்க 2 வருஷம் தருகிறது. தக்க காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஏற்பார்கள். வயிற்றுக்குள் பஞ்சு விட்டுப்போனது போன்ற விஷயங்களில், தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று வாதிடவும் இடமுண்டு.

சரி, தொகை. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு, விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையின் பார்வை போய்விட்டது. உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது 2015-ல். அத்தனை வருஷம் அந்தக் குடும்பம் எப்படித் தாங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "இன்ஷூரன்ஸ் இருந்தால் கேஸ் போடுவார்கள்" என்று சொல்லும் டாக்டர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். தவறு நடந்திருந்தால் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும், அதற்காக ஒரு டாக்டர் வீட்டை விற்கும் நிலையும் வரக்கூடாது.

கொல்கத்தாவில் கொடுத்த தவறான சிகிச்சைக்குப் பின் இறந்துபோன அனுராதா சாஹாவின் வழக்கில் 2013-ல் தீர்ப்பான தொகை சுமார் 6 கோடி, வட்டி தனி. அதில் டாக்டர்கள் பங்கு 10 லட்சம், 10 லட்சம், 5 லட்சம். மிச்சம் முழுக்க ஆஸ்பத்திரி தலையில் விழுந்தது. டாக்டர் தன் பெயரில் எடுத்த பாலிசி ஆஸ்பத்திரியின் பங்கைக் கட்டாது. நர்சிங் ஹோம் வைத்திருந்தால் நிறுவனத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். வந்து போகும் மயக்க மருந்து டாக்டரிடமும் அவருடைய பாலிசி நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். இன்னொன்று, ஒரு கேஸுக்கு அதிகபட்சம் எவ்வளவு, வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று இரண்டு வரம்பு இருக்கும். வக்கீல் செலவும் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே கழியும்.

எதற்கெல்லாம் கிடைக்காது என்ற பக்கத்தையும் படித்துவிடுங்கள். போதையில் செய்த சிகிச்சை, அபராதம், குற்ற வழக்கில் வரும் தண்டனை இதற்கெல்லாம் கிடையாது. அழகு சிகிச்சைகளைப் பல பாலிசிகளில் விலக்கியிருப்பார்கள். தகுதிக்கு வெளியே செய்த வைத்தியமும் அப்படியே. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து எழுதினால் அதுவே கவனக்குறைவுதான் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராத்திரி டியூட்டிக்கு யாரை வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களாகப் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால் கம்பெனி கைவிரித்துவிடலாம். நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸ் என்றால் பதில் போட 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15 நாள், அவ்வளவுதான். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்பது 2020-ல் ஐந்து நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு.

கேஸ் ஷீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். ராத்திரி 2 மணிக்குக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்த நர்ஸ் அதைக் குறிக்க மறந்திருந்தால், நோட்டீஸ் வந்தபிறகு இரண்டு வரிக்கு நடுவில் வேறு பேனாவால் பொடியாக எழுதிச் சேர்ப்பதைவிட அது விடுபட்டபடியே இருப்பது எவ்வளவோ மேல். திருத்தியது தெரிந்துவிட்டால் ஒழுங்காகச் செய்த சிகிச்சையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம், ஓய்வு பெறப்போகும் மூத்த டாக்டர்களுக்கு. மார்ச்சோடு கிளினிக்கை மூடுகிறோம், இனி எதற்குப் பிரீமியம் என்று நிறுத்திவிடாதீர்கள். பிப்ரவரியில் நீங்கள் செய்த ஆபரேஷனுக்கு அடுத்த வருஷமும் நோட்டீஸ் வரலாம், அன்று பாலிசி நடப்பில் இருக்காது. மூடுவதற்கு முன்பே கம்பெனியிடம் பேசி, குறைந்தது இரண்டு மூன்று வருஷமாவது பழைய கேஸ்களுக்குப் பாதுகாப்பு நீடிக்க என்ன வழி என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.