விலங்குக் காப்பக நாட்குறிப்பு: சாம்பலும் மணியும்

ஜூன் 3

நேற்றிரவு வந்த சாம்பல் நிறப் பூனை, கழிப்பதற்கு வைத்த மணல் தட்டுக்குள் சுருண்டு கிடக்கிறது. மெத்தை விரித்திருக்கிறோம், சீண்டவே இல்லை. ஒளிய வேறு இடமில்லாத பூனை மணல் தட்டுக்குள்தான் ஒடுங்கும். கண்மணிகள் விரிந்து கண்ணே கறுப்பாகத் தெரிகிறது. காதுகள் பின்னுக்கு மடிந்திருக்கின்றன, வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. ஆய்வாளர்கள் கெஸ்லரும் டர்னரும் 1997-இல் வெளியிட்ட, பூனைகளுக்கான ஏழு நிலை மன அழுத்த அளவுகோலில் (7 என்றால் உச்சப் பயம்) 6 போட்டேன். பிறகு ஓர் அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி உள்ளே வைத்தேன். நான் நகர்ந்ததும் புகுந்துகொண்டது.

ஜூன் 4

மணி என்ற நாயின் சேர்க்கை அட்டையில் 'சாது, தொந்தரவு இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குரைக்காமல் கூண்டின் பின்சுவரோடு நிற்கிறான். அருகே போனால் கொட்டாவி விடுகிறான், மூக்கை நக்குகிறான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். உடல் பாரம் முழுவதும் பின்னங்கால்களில். எல்லாம் பயத்தின் அடையாளங்கள். வைத்த சோறு அப்படியே இருக்கிறது. குரைக்கிற நாயையாவது நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இவனை யார் பார்ப்பது?

குணப் பரிசோதனையை இன்றே முடிக்கச் சொன்னார்கள். காப்பகத்துக்கு வரும் நாய்களுக்கு முதல் மூன்று நாட்களில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் உச்சத்தில் இருக்கும் என்று 1990-களிலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். இப்போது சோதித்தால் கிடைப்பது கூண்டைப் பற்றிய மதிப்பெண், மணியைப் பற்றியது அல்ல. தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 6

நாய்க் கூடத்தில் சத்தம் எளிதாக 100 டெசிபெலைத் தாண்டும். எவர்சில்வர் கிண்ணங்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டோம். அந்த 'டங்' ஓசை நின்றதே பெரிய நிம்மதி, நாய்களுக்கு முன் எனக்கு.

ஜூன் 7

பூனைக் கூண்டுகளைத் தினமும் முழுக்கக் கழுவ வேண்டாம் என்று துப்புரவுப் பணியாளரிடம் பேசினேன். அழுக்கான இடத்தை மட்டும் துடைத்தால் போதும்; போர்வையில் பூனையின் சொந்த வாசனை இருக்கட்டும். மன அழுத்தம் கூடினால் உடலுக்குள் ஒடுங்கியிருக்கும் ஹெர்பஸ் வைரஸ் கிளம்பித் தும்மலும் சளியும் தொடங்கிவிடும். அளவுக்கு மீறிய சுத்தமும் நோய்க்கு வழிவிடலாம் என்பதை நம்ப வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

சாம்பல் இன்று பெட்டியின் விளிம்பில் கன்னத்தைத் தேய்த்தது. 3 போட்டேன்.

ஜூன் 9

பிளாஸ்டிக் கைச் சோதனை. மணி சாப்பிடும்போது, கோலில் கட்டிய பொய்க்கையைக் கிண்ணத்துக்குள் விட்டார்கள். உறுமினான். முன்பின் பார்த்திராத பொருள் சோற்றில் விழுந்தால் யார்தான் உறுமமாட்டார்கள்? இப்படி 'உணவுக்குச் சீறுபவை' என்று பெயர் வாங்கிய நாய்களில் பல, தத்துப் போன வீடுகளில் அப்படி நடந்துகொள்ளவில்லை என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. இத்தகைய சோதனைகள் நாணயம் சுண்டுவதைவிட மேலானவை அல்ல என்று 2016-இல் ஆய்வாளர்கள் பேட்ரோனெக்கும் பிராட்லியும் எழுதினார்கள். உறுமலைப் பதிவேட்டில் சேர்க்கச் சம்மதித்தேன். தீர்ப்பாக எழுதச் சம்மதிக்கவில்லை.

ஜூன் 16

வார இறுதியில் ஒரு தன்னார்வலர் மணியைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டு இரவு வெளியே தங்கினாலே கார்டிசால் இறங்கும். திரும்பியதும் பழைய அளவுக்கு ஏறும், அதைத் தாண்டாது. அவர் எழுதித் தந்த தாளில் இருந்தவை: மதியம் மல்லாந்து தூங்கினான், சாப்பிடும்போது பக்கத்தில் நடந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டான், பிரஷர் குக்கர் விசிலுக்குப் பயப்படுகிறான்.

அந்தத் தாளைப் பரிசோதனைப் படிவத்தின் மேல் வைத்துப் பின் அடித்துவிட்டேன். தத்தெடுக்க வருபவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும்.