பேஸ்மென்ட்டை அளந்தோம், வரியை அளக்கவில்லை: கொலம்பஸில் வீடு வாங்கிய கதை

2023 கோடையில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில் நாங்கள் வீடு தேட ஆரம்பித்தபோது முப்பதாண்டுக் கடனுக்கான வட்டி ஏழு சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. 2021 ஜனவரியில் 2.65 வரை இறங்கியிருந்த அதே வட்டிதான். மூன்று சதவீதத்தில் கடன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கு வீட்டை விற்பார்கள்? அதனால் சந்தைக்கு வந்த வீடுகள் குறைவு, வந்ததற்கெல்லாம் போட்டி. போதாக்குறைக்கு, பக்கத்து லிக்கிங் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 20 பில்லியன் டாலரில் சிப் தொழிற்சாலை கட்டப்போவதாக இன்டெல் 2022 ஜனவரியில் அறிவித்திருந்தது. எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் ஏஜென்ட் வாயில் இன்டெல்தான். தொழிற்சாலைக்கு நேரெதிர்த் திசையில், அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளி நின்றுகொண்டும் அதையேதான் சொல்வார்கள்.

இரண்டு ஆஃபர் போட்டு இரண்டும் போயிற்று. ஒன்றை வாங்கியவர் கேட்ட விலைக்கு மேல் நாற்பதாயிரம் கொடுத்து, இன்ஸ்பெக்‌ஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாராம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

மூன்றாவது வீடு, மாடி வீடு, 1990-களில் கட்டியது. விளம்பரத்தில் 2,900 சதுர அடி என்றிருந்தது. அன்று இரவு திருச்சியிலிருந்து அப்பா கேட்டார்: “வில்லங்கம் போட்டுப் பார்த்தியாடா?”

வில்லங்கத்தை இங்கே டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும், அதற்குக் காப்பீடும் உண்டு என்று சொன்னேன். ஆனால் அவர் கேள்வி மண்டையில் தங்கிவிட்டது. ஒஹையோவின் பெரும்பாலான கவுன்டிகளில் ஆடிட்டர் என்று ஒருவர் உண்டு, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் ஊர் ஆடிட்டர் என்று நினைத்துவிட வேண்டாம். வீடுகளுக்கு மதிப்புப் போடுவது இவர் வேலை. நாய்க்கு லைசென்ஸ் கொடுப்பதும், பெட்ரோல் பங்க்கில் அளவு சரியா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவதும் இவர் அலுவலகம்தான். அந்த ஸ்டிக்கரை வாரா வாரம் பார்த்தும், இதே அலுவலகத்தின் இணையதளத்தில் எல்லா வீட்டின் ஜாதகமும் காசில்லாமல் கிடைக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

கொலம்பஸ் இருக்கும் ஃபிராங்க்ளின் கவுன்டியின் இணையதளத்தில் முகவரியைப் போட்டேன். உரிமையாளர் பெயர், எந்த ஆண்டு எந்த விலைக்குக் கைமாறியது, படுக்கையறை எத்தனை, எல்லாம் வந்தது. எனக்குப் பிடித்தது ஸ்கெட்ச். வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு சுவரோரமும் எத்தனை அடி என்று எழுதியிருப்பார்கள். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நானே பெருக்கிக் கூட்டினேன். 2,132 சதுர அடி வந்தது. ஆடிட்டரின் இணையப் பக்கத்திலும் அதே எண்தான். மீதி 768 எங்கே போயிற்று?

பேஸ்மென்ட்டில் இருந்தது. விற்பவர்கள் கீழே சுவர் எழுப்பி, கார்பெட் போட்டு, ஒரு படுக்கையறையும் குளியலறையும் கட்டியிருந்தார்கள். ஆடிட்டர் ஏட்டில் அந்தப் பேஸ்மென்ட் வெறும் பேஸ்மென்ட். நகராட்சியின் பெர்மிட் பட்டியலிலும் தேடினேன், ஒன்றும் இல்லை. அனுமதி வாங்காமல் கட்டியது. பெர்மிட் எடுத்திருந்தால் மதிப்பு ஏறும், வரி ஏறும், அவ்வளவுதான் காரணம். நம் ஊரில் பிளான் அப்ரூவலில் இல்லாத மாடியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் விலையை 2,900-க்குப் போட்டிருந்தார்களே.

எங்கள் ஏஜென்ட் அதைப் பிடித்துக்கொண்டார். தரைக்குக் கீழே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் வங்கியின் மதிப்பீட்டாளர் அதை வீட்டின் பரப்பில் சேர்க்க மாட்டார், தனியாகத்தான் எழுதுவார் என்று சொல்லிப் பேரம் பேசி, 4,12,000 டாலருக்கு முடித்தார். இன்ஸ்பெக்டர் வந்தபோது கீழ்ப் படுக்கையறையின் ஜன்னலைத் திறந்து காட்டினார். என் தலை நுழையும், தோள் நுழையாது. தீப்பிடித்தால் ஏறித் தப்ப வழியில்லாத அறையைப் படுக்கையறை என்று சொல்லவே கூடாது என்றார். மண்ணிலிருந்து கசிந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானையும் அளந்தார்கள், 7.1 வந்தது. 4-ஐத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. மத்திய ஒஹையோவில் இது சர்வ சாதாரணம், பயப்படத் தேவையில்லை. பேஸ்மென்ட் தரையைத் துளைத்து, குழாய் வைத்து, ஒரு மின்விசிறியால் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிடுவார்கள். அந்தச் செலவை விற்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. தபால் முகவரியில் ஊர் டப்ளின். ஆடிட்டர் பக்கத்தில் நகரம் கொலம்பஸ், பள்ளி மாவட்டம் டப்ளின். கொலம்பஸ் நகரம் அக்கம்பக்கத்தை இழுத்துப்போட்டு வளர்ந்தபோது பள்ளிகள் யாருக்கு என்று சண்டை வந்து, 1986-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு ‘வின்-வின்’ என்று பெயர். நகரம் கொலம்பஸாகவும் பள்ளி வேறாகவும் இருக்கும் தெருக்கள் இத்தனை இருப்பது அதனால்தான். இது வெறும் கதை இல்லை. டப்ளின் நகர வருமான வரி 2 சதவீதம், கொலம்பஸில் 2.5. என் அலுவலகம் டப்ளினில். அங்கே இரண்டு கட்டிவிட்டு, குடியிருக்கும் பாவத்துக்குக் கொலம்பஸுக்கு அரை சதவீதம் கட்டுகிறேன். பள்ளியை மட்டும் கேட்டுவிட்டு வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இவ்வளவு துருவியவன் கோட்டை விட்டது அதே பக்கத்தில், இரண்டு கிளிக் தள்ளி.

ஒஹையோவில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா வீட்டுக்கும் மறுமதிப்பீடு, நடுவில் மூன்றாம் ஆண்டில் ஒரு திருத்தம். ஃபிராங்க்ளின் கவுன்டிக்கு அந்த ஆறாம் ஆண்டு 2023. கோடையிலேயே உத்தேச மதிப்பு உரிமையாளர்களுக்குப் போய்விட்டது. குடியிருப்புகளின் மதிப்பு சராசரியாக 41 சதவீதம் ஏறுகிறது என்று உள்ளூர்ச் செய்திகளிலும் வந்தது. நான் சதுர அடியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டின் பழைய மதிப்பு 2,75,000, புதியது 3,88,000.

மதிப்பு 41 ஏறினால் வரியும் 41 ஏறாது. மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் வரி. தவிர, 1976-இல் வந்த ஒரு சட்டப்படி, மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்த வரிகள் மதிப்பு ஏறும்போது விகிதத்தில் இறங்கிக்கொள்ளும், பழைய வசூலே வரும்படி. ஓட்டில்லாமல் விதிக்கும் பகுதிக்கு அப்போது அந்தச் சலுகை இருக்கவில்லை. எல்லாம் போக எங்கள் வரி ஆண்டுக்கு 6,300-லிருந்து 7,600 ஆனது.

சிக்கல் என்னவென்றால், இங்கே வரி ஓராண்டு பின்தங்கி வரும். 2023-க்கான வரியை 2024 ஜனவரியிலும் கோடையிலும் கட்ட வேண்டும். நாங்கள் அக்டோபர் 20-இல் க்ளோசிங், அதாவது பணம் கட்டி வீட்டைக் கைமாற்றும் வேலையை, முடித்தோம். அதுவரையான நாட்களுக்கு விற்பவர்கள் பங்கு என்று சுமார் 5,050 டாலரைக் கணக்கில் கழித்தார்கள். இலவசமாக ஏதோ வந்ததுபோல் எனக்கு ஒரே சந்தோஷம். அது கடைசியாக வந்த பழைய பில்லை வைத்துப் போட்டது. புதிய பில் வந்ததும் பார்த்தால், அவர்கள் குடியிருந்த நாட்களுக்கான வரியிலேயே ஆயிரம் டாலருக்கு மேல் எங்கள் தலையில். திரும்பக் கேட்க முடியாது, இந்தக் கணக்கே இறுதி என்று ஒப்பந்தத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அப்புறம் எஸ்க்ரோ, அதாவது வரிக்காகத் தவணையோடு சேர்த்து மாதா மாதம் பிடித்து வைக்கும் கணக்கு. கடன் கொடுத்த நிறுவனமும் பழைய வரியை வைத்தே மாதம் 525 டாலர் பிடித்துக்கொண்டிருந்தது. மறுமதிப்பீட்டு ஆண்டு என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு கடிதம்: பற்றாக்குறை 1,300 டாலர், அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்திருக்கிறோம், இனி வரப்போகும் வரிக்கும் கூட்டியிருக்கிறோம். ஆக மாதத் தவணை சுமார் 217 டாலர் ஏறியது. போனில் அழைத்துக் கத்தினேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்றார்.

மதிப்பை எதிர்த்து மனுப் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ஜனவரி முதல் மார்ச் 31 வரை அதற்கு நேரம், போர்டு ஆஃப் ரிவிஷன் விசாரிக்கும். படிவத்தை இறக்கி நிரப்ப உட்கார்ந்தேன். அண்மையில் விற்பனை ஆகியிருந்தால் என்ன விலை என்று ஒரு கட்டம் இருந்தது. 4,12,000 என்று எழுதப் போன கை நின்றது. அவர்கள் 3,88,000 என்கிறார்கள், நான் அதைவிட அதிகம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். இதோடு போய் நின்றால் சும்மா இருக்கும் மதிப்பை நானே ஏற்றிவிட்டு வருவேன். மடிக்கணினியை மூடிவிட்டேன்.

மறு ஆண்டு பெர்மிட் எடுத்து அந்த ஜன்னலைப் பெரிதாக்கினோம். மண்ணைத் தோண்டி, சுவரை அறுத்து, ஏறி வெளியே வர வசதியாக. பெர்மிட் எடுத்தால் ஏட்டில் ஏறும், வரியும் ஏறும் என்று தெரியும். அந்த அறையில்தான் ஊரிலிருந்து வந்தால் அப்பா அம்மா தூங்குவார்கள். அடுத்த திருத்தம் 2026-இல்.

போன வாரம் அப்பாவுக்கு அந்தத் தளத்தின் இணைப்பை அனுப்பி, வீட்டின் ஸ்கெட்ச்சைப் பார்க்கச் சொன்னேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டார். ஸ்கெட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“பக்கத்து வீட்டுக்காரன் உன்னைவிட இருபதாயிரம் கம்மியா வாங்கியிருக்கானேடா?”