கனடாவுக்குச் சுதந்திரம் எந்த வருடம்? குடியுரிமைத் தேர்வில் நான் பட்ட பாடு

போன வாரம் தேர்வு முடிந்தது. 20-க்கு 18. இந்த இரண்டு வரிக்கு முன்னால் பட்டதைத்தான் எழுதப்போகிறேன்.

விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். என் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் வேறு. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தேன். வெற்றுப் பக்கங்களும் வேண்டுமாம், காலாவதியான பழைய பாஸ்போர்ட்டிலும்கூட. வெளியே போகவில்லை என்பதற்கு வெற்றுப் பக்கம்தானே சாட்சி! இது புரிவதற்குள் மூன்று மாதம் போய்விட்டது.

அடுத்த தவறுக்குக் காசும் கொடுத்தேன். அரசு இலவசமாகத் தரும் கையேடு இருக்க, 'சுருக்கமாக இருக்கும்' என்று ஒரு தனியார் குறிப்பை வாங்கினேன். அதில் வரலாறே 1534-இல் ஜாக் கார்ட்டியே வந்து இறங்கியதில்தான் தொடங்குகிறது. அவர் வந்தபோது அங்கே ஏற்கெனவே ஊர்கள் இருந்தன. 'கனாட்டா' என்றால் இரோகுவா மொழியில் கிராமம், அதிலிருந்துதான் நாட்டின் பெயரே வந்தது. பூர்வகுடிகள் எல்லோரையும் அந்தக் குறிப்பு ஒரே வரியில் அடைத்திருந்தது. அதை நம்பி ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட், மேட்டி என்ற மூன்று பூர்வகுடிப் பிரிவுகளும் ஒன்றுதான் என நினைத்து, மாதிரித் தேர்வில் மூன்று மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன். மேட்டி மக்கள் ஐரோப்பியர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் பிறந்தவர்களின் வழிவந்த தனிச் சமூகம். அவர்களின் தலைவர் லூயி ரியேலின் போராட்டத்தால்தான் 1870-இல் மனிடோபா மாகாணமே உருவானது. 1885 நவம்பர் 7-இல் கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதைக்குக் கடைசி ஆணி அடித்தார்கள். அதிலிருந்து ஒன்பதாம் நாள், அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ததற்காக ரியேலைத் தூக்கில் போட்டார்கள். இந்த இரண்டு தேதியும் இனி எனக்கு மறக்காது.

என்னை உண்மையில் திணறடித்தது சுதந்திரம்தான். நமக்கெல்லாம் ஒரு நள்ளிரவு, ஒரு கொடி, பள்ளியில் ஒரு மிட்டாய். அதே மாதிரி ஒரு தேதியைத் தேடினேன். குறிப்பில் ஓர் இடத்தில் 1867, இன்னோர் இடத்தில் 1931, கடைசிப் பக்கத்தில் 1982. அச்சுப்பிழை என்று நினைத்து, விற்றவர்களுக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பினேன். பதில் வரவில்லை. நல்லவேளை, ஏனென்றால் தப்பு என்னுடையது.

இரண்டாவது முறையும் மாதிரித் தேர்வில் தோற்ற பிறகு, அரசுக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதை ஒரு குடும்பக் கதையாக மாற்றிக்கொண்டேன்: பிரிட்டன் அப்பா, கனடா மகன். 1867 ஜூலை 1-இல் ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் நான்கும் சேர்ந்து தனிச் சமையல் தொடங்கின. ஆனால் வெளி விவகாரம் லண்டன் கையில். 1914-இல் பிரிட்டன் போர் அறிவித்ததும் கனடாவும் தானாகவே போரில் இருந்தது. 1931-இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வந்து, மகன் தன் விருப்பப்படி நடக்கலாம் என்றானது. வீட்டுப் பத்திரம் மட்டும் அப்பாவிடமே. அரசியலமைப்பை எப்படித் திருத்துவது என்று மத்திய அரசும் மாகாணங்களும் ஒத்துப்போகாததால், அந்த அதிகாரம் 1982 வரை லண்டன் நாடாளுமன்றத்திலேயே இருந்தது. பத்திரம் கைக்கு வந்தபோதும் கியூபெக் சம்மதிக்கவில்லை. பிரிட்டன் மன்னர்தான் இன்றும் கனடாவுக்கும் மன்னர்.

ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மக்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. பூர்வகுடிகள் என்று சட்டப்படி பதிவான தங்கள் அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமல் மத்தியத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்ததே 1960-இல்தான். ஆகவே 1867-ஐ 'சுதந்திரம்' என்று மனப்பாடம் செய்யாதீர்கள். 'கூட்டமைப்பு' என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு ஆன்லைனில்தான்: 45 நிமிடம், 20 கேள்வி, 15 சரியாக இருந்தால் போதும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். வெளிச்சம் பின்னால் இருந்ததால் என் முகம் நிழலாகிவிட்டது. கேமராவில் மூன்று முறை படம் எடுத்த பிறகுதான் தேர்வுத் தளம் ஏற்றுக்கொண்டது. அப்புறம், கதவைத் தாழிடுங்கள். பத்தாவது கேள்வியில் என் மகள் 'அப்பா, வைஃபை பாஸ்வேர்டு' என்று உள்ளே வந்தாள். கேமராவில் இன்னொரு முகம் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அடுத்த இரண்டு கேள்விகளையும் தப்பாகப் போட்டேன். அந்த இரண்டு மதிப்பெண் அவள் கணக்கு.

இனி குடியுரிமை விழாவில் உறுதிமொழி. அதில் பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகளைக் குறிப்பிடும் வரி 2021-இல் சேர்க்கப்பட்டது. அதை அழைப்பு வருவதற்கு முன்பே உரக்கச் சொல்லிப் பழகிவிட்டேன். அது முடிந்ததும் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதன் எல்லாப் பக்கங்களையும் இப்போதே ஸ்கேன் செய்து வைத்துவிட்டேன், வெற்றுப் பக்கங்கள் உட்பட.