டீசல் புகையில் ஒரு குழாயைத் தேடி

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டு முழுவதும் ஒற்றை சிலிண்டர் டீசல் இயந்திரம் ஒன்றின் அருகிலேயே கழிந்தது. கார்பன் அணுக்களால் ஆன, தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோகுழாய்களை உலையில் வளர்ப்பதுதான் வழக்கம். ஓடும் இயந்திரத்துக்குள்ளேயே அவை விளையுமா என்று பார்க்க வேண்டும்.

கார்பனுக்கும் வெப்பத்துக்கும் அங்கே குறைவில்லை. வினையூக்கியாக இரும்பு வேண்டும். அதற்காக டீசலில் ஃபெரோசீனைக் கரைத்தேன். கற்பூரம் போல மணக்கும் ஆரஞ்சு நிறப் படிகம் அது. சூட்டில் சிதைந்து இரும்பை விடுவிக்கும். இரும்பு நுண்துகளாகத் திரளும். அந்தத் துகளிலிருந்து குழாய் முளைக்கும். கொஞ்சம் கந்தகமும் இருந்தால் குழாய் எளிதில் வளரும். இன்றைய பாரத் 6 தர டீசலில் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்பதால், கந்தகம் கொண்ட தியோஃபீன் என்ற சேர்மத்தையும் சேர்த்தேன். நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் பிஸ்டன் ஒருமுறை இறங்க 20 மில்லிவிநாடிதான் ஆகும். அந்தக் கண நேரத்தில் இத்தனையும் நடக்க வேண்டும் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

புகைக்குழாயில் 3 மில்லிமீட்டர் அகலச் செப்பு வலையைக் காட்டிக் கரியைப் பிடித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். வாரக்கணக்கில் திராட்சைக் கொத்துப் போன்ற கரித்துகள்கள் மட்டுமே தெரிந்தன. ஒரு மாலை, மெல்லிய இழை ஒன்று தெரிந்தது. சுவர்க் கோடுகளுக்கு நடுவே 0.34 நானோமீட்டர் இடைவெளி; பல சுவர் நானோகுழாயின் அடுக்குகளுக்கு இடையே இருக்கும் தூரமும் அதுவே. நானோகுழாயேதான்! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் என் வழிகாட்டி, "வெறும் டீசலில் எடுத்த வலையைப் பார்த்தாயா அம்மா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். அதிலும் ஓர் இழை இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. கடையில் வாங்கிய நானோகுழாய்த் தூளை வைத்து வேறு வேலை செய்த நண்பரும் நானும் ஒரே இடுக்கியைத்தான் பயன்படுத்தியிருந்தோம். புது இடுக்கி, புது வலைப்பெட்டி வாங்கினேன். பழைய கரி உதிர்ந்து கலக்காமலிருக்கப் புகைக்குழாயையும் மாற்றினோம். ஆய்வக அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்காகவே கொடுத்தார். பிறகு வெறும் டீசல் வலைகளை முதலில் பார்த்தேன். மூன்றிலும் கரியைத் தவிர எதுவும் இல்லை.

நான்காவது வலை ஃபெரோசீனும் தியோஃபீனும் சேர்த்து ஓட்டியபோது எடுத்தது. கரிக்கொத்துகளுக்கு நடுவே குட்டையான, வளைந்த குழாய் ஒன்று. அதன் நுனியில் கறுப்பாக ஒரு துகள். எக்ஸ் கதிர் நிறமாலையை அந்தப் புள்ளியில் எடுத்தோம்: இரும்பு.